மழைக்காலத்தில் நாகைக்கு மீன் சாப்பிடப் போகிறீர்களா? படகைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்ததும் சென்னையில் பாதிப் பேருக்குக் கடற்கரை ஊர் ஞாபகம் வந்துவிடும். மழை, சூடான சோறு, மீன் குழம்பு, பக்கத்தில் பொரித்த நெத்திலி. ஆசை நியாயமானதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை நேரத்தில், கடல் கொந்தளித்தால் படகு கரையில்தான் கிடக்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனை நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "ஊர் மீன் பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. தேதி, டிக்கெட், அறை, மீன் என்று ஒவ்வொன்றாக அல்லாடித் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி, காரைக்கால், தரங்கம்பாடி வரைக்குமான கரைக்கு இது பொருந்தும். புறப்படும் இடம் சென்னை என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தேதி குறிக்கும் முன் கடலைப் பாருங்கள்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். இதில் நவம்பர்தான் முரட்டு மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பது பலருக்குத் தெரியும். மழைக்காலத்தில் அப்படி நிரந்தரத் தடை எதுவும் கிடையாது, எச்சரிக்கை வரும்போது மட்டும் படகு நிற்கும். அதனால்தான் முன்கூட்டிக் கணிப்பது கஷ்டம்.

வெள்ளி இரவு கிளம்புவதாக இருந்தால் புதன்கிழமையே இவற்றைப் பாருங்கள்:

- சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று தமிழகக் கடலோரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால், அந்த வாரம் பச்சை மீன் சந்தேகம்தான்.
- நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்பது. 1-ம் எண் என்றால் எங்கோ தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3-ம் எண் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
- மழை அளவு. அறிக்கையில் "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர். "மிக கனமழை" அதற்கு மேல் 204.4 வரை. அதையும் தாண்டினால் "அதி கனமழை". கனமழை வரைக்கும் போகலாம், குடை பிடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மழையைவிடக் காற்றுதான் முக்கியம் என்பதை மனத்தில் வையுங்கள். கொட்டுகிற மழையிலும் படகு போகும், வாடைக் காற்று வலுத்துவிட்டால் போகாது. சாப்பாட்டுக்கு ஆகச் சிறந்த நாள் எது தெரியுமா? எச்சரிக்கை விலகி, படகுகள் மறுபடி போய்த் திரும்புகிற முதல் இரண்டு மூன்று நாட்கள். வானம் மூட்டமாகவே இருக்கும், தூறிக்கொண்டும் இருக்கும், ஆனால் கரையில் மீன் குவிந்திருக்கும். அந்த நாட்கள் வார இறுதியில் வந்து விழுந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள்.

இன்னொன்று, தமிழ் மாதக் கணக்கு. புரட்டாசியில் பெருமாளுக்காகப் பாதி ஊர் அசைவத்தைத் தொடாது, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தொட மாட்டார்கள். மீன் விலை சற்று இறங்கும், நமக்கு லாபம். ஆனால் சில மெஸ்கள் இந்த மாதங்களில் மீன் சமைப்பதையே குறைத்துவிடும். கார்த்திகையில் போகிறவர்கள் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

2. டிக்கெட்: சீக்கிரம் எடுங்கள், தாமதமாக முடிவெடுங்கள்

எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் காரைக்கால் விரைவு ரயில் நாகப்பட்டினம் வழியாகப் போகிறது. விடியும் முன்பே கொண்டுபோய் இறக்கிவிடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. வார இறுதிக்குப் படுக்கை வசதி வேண்டுமென்றால் அப்போதே போகவும் வரவும் போட்டுவிடுங்கள். புதன் அல்லது வியாழன் காலை வானிலை பார்த்துவிட்டு, சரியில்லையென்றால் ரத்து செய்யுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், ஆகவே வெள்ளி மதியம் வரை ஊசலாடாதீர்கள்.

தட்கலை நம்பி இருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஏசி வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கை ஆதாருடன் சரிபார்த்திருக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், பத்து மணிக்கு ஓடிபி வருமா வராதா என்று போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் பணம் வராது. அதனால் இந்த மாதிரி வானத்தைப் பார்த்துக் கிளம்பும் பயணத்துக்குத் தட்கல் அவ்வளவாக ஒத்துவராது.

வெள்ளத்தால் ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். இணைய டிக்கெட்டுக்குத் தானாகவே வரும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டால், ரயில் புறப்படும் முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்தாக வேண்டும். நிறையப் பேர் பணத்தைக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதியலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பஸ் என்றால், ஏறுமிடம் கிளாம்பாக்கமா வேறு இடமா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் பகலில் ஓட்டுங்கள். மழை இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடுகள் தார்ச்சாலை மேல்தான் படுத்திருக்கும், வெளிச்சம் விழும்போதுதான் தெரியும்.

3. அறை: வாடகையைவிட நேரக்கணக்கு முக்கியம்

ரயில் விடியற்காலை இறக்கிவிடும் என்று சொன்னேன் அல்லவா? லாட்ஜில் பகல் 12 மணிக்குத்தான் அறை என்றால், ஈரத் துணியோடு எங்கே உட்கார்ந்திருப்பது? போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா?" 24 மணி நேரக் கணக்கு என்றால் சனி காலை ஐந்துக்கு நுழைந்து ஞாயிறு காலை ஐந்துக்கு ஒரு நாள் முடியும், ஞாயிறு இரவு ரயில் வரைக்கும் இன்னொரு நாள் வாடகை. பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் சீக்கிரம் வருவதற்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது கவுண்டரில் ஆள் மாறியதும் மறந்துபோகும்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக: ஜெனரேட்டர் உண்டா, அது அறைக்கும் வருமா அல்லது வராண்டா விளக்குக்கு மட்டுமா? மாடியில் அறை கிடைக்குமா? (தரைத்தளம் வேண்டாம், தெருத்தண்ணீர் வாசல்படி ஏறும்.) வெந்நீர் எத்தனை மணி வரை? வாங்கிக் கொடுக்கும் மீனைச் சமைத்துத் தருவீர்களா?

எங்கே தங்குவது? வேளாங்கண்ணியில் அறைகள் ஏராளம், ஆனால் வார இறுதியில் யாத்திரைக் கூட்டமும் ஏராளம். என்னைக் கேட்டால் நாகப்பட்டினத்திலேயே தங்கிவிடுங்கள். மீன் இறங்கும் இடம் பக்கம், ரயிலடி பக்கம், வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். 

2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பழைய 12 சதவீதத்தைப் போட்டு யாராவது பில் நீட்டினால் கேளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

- வயது வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முகவரியுள்ள அடையாள அட்டை: ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவானாலும் சரி. பான் கார்டில் முகவரி இல்லாததால் பல லாட்ஜ்களில் ஏற்க மாட்டார்கள். ஒரு நகல் எடுத்துப் போங்கள், மழையில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம்.
- கார் என்றால் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே. பவர் பேங்க் கட்டாயம்.
- நூறும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டு, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். கரையில் யுபிஐ உண்டு, சிக்னல்தான் இருக்காது.
- ஓஆர்எஸ் பொட்டலம், வழக்கமான வயிற்று மாத்திரை. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் தங்கள் மருந்தை மறக்கக் கூடாது. பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், "நான் மீன் மட்டும்தான் சாப்பிட்டேன்" என்பது உதவாது.
- மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. போனில் பதிந்துவையுங்கள்.

5. சனிக்கிழமை காலை: கரைக்குப் போவது

நாகையின் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் விசைப்படகுகள் வந்து அணையும். நம்பியார் நகரில் ஃபைபர் படகுகள் நிறைய. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் காசு பிழைக்கும். லாஞ்சு எனப்படும் பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்குபவை, மீன் ஐஸில் இருந்தபடியே வரும். ஃபைபர் படகு இருட்டோடு போய்க் காலையில் திரும்பிவிடும், அதில் வருவது அன்றைய பாடு, அதாவது அன்று பிடிபட்ட மீன். அளவு குறைவாக, வகை கலந்து இருக்கும். இரண்டு பேர் சாப்பிட அதுதான் சரி.

விடிந்ததிலிருந்து எட்டு ஒன்பது மணி வரைதான் நேரம். ஏலம் நடக்கும் இடத்தில் நடுவில் போய் நிற்காதீர்கள். அது மொத்த வியாபாரம், கூடை கூடையாகப் போகும். ஏலத்தில் எடுத்த மீனை வெளியே உட்கார்ந்து விற்கும் அம்மாக்களிடம்தான் நாம் வாங்க வேண்டும். கிலோவாகவும் கிடைக்கும், கூறு கட்டியும் வைத்திருப்பார்கள். "அக்கா, இன்னைக்குப் பாடு எப்படி? இது ஃபைபரா, லாஞ்சா?" என்று ஆரம்பித்தால் போதும், வெளியூர்க்காரர் என்றாலும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். அக்காவும் மறைக்க மாட்டார். அவரே செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு தம்பி, ரத்தம் இன்னும் காயல" என்பார். காட்ட யோசித்தால் அடுத்த கூடைக்கு நகருங்கள்.

ஊரில் ஒரு துக்கமோ திருவிழாவோ என்றால் அந்தக் கிராமத்தில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். கடல் அமைதியாக இருந்தும் கரை வெறிச்சென்று இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அடுத்த ஊருக்கு ஆட்டோ பிடியுங்கள்.

வழுக்கும். ரப்பர் செருப்புப் போட்டுப் போங்கள், வெள்ளை வேட்டி வேண்டாம்.

6. எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வஞ்சிரம், வவ்வால் என்றே கேட்பார்கள். இரண்டும் சென்னையிலேயே கிடைப்பவை, விலையும் எப்போதும் உச்சத்தில்தான். இங்கே வந்து சங்கரா, பாறை, காலா, நெத்திலி, கானாங்கெளுத்தி, சிறு சுறா இவற்றைச் சாப்பிடுங்கள். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் பாதிக்கும் குறைவாக, அதைவிடப் பச்சையாகக் கிடைக்கும்.

மீனின் கண் பளபளவென்று புடைத்திருக்க வேண்டும், குழி விழுந்து வெளுத்திருந்தால் பழசு. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருக்கக் கூடாது. வயிற்றில் விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். மழை நாளில் எல்லா மீனும் ஈரத்தில் மின்னும், அந்த மினுமினுப்பை நம்பி ஏமாறாதீர்கள்.

இறாலுக்குத் தலையைப் பாருங்கள், கறுத்துத் தொங்கினால் வேண்டாம். பண்ணையில் வளர்த்த வன்னாமி இறால் எல்லா நாளும் ஒரே அளவில் கிடைக்கும். தப்பில்லை, ஆனால் கடல் இறால் விலை கொடுக்காதீர்கள். கணவாய் வெள்ளையாக, புள்ளித் தோலோடு இருக்க வேண்டும், உடம்பு இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் நாள் ஆகிவிட்டது.

நண்டு தனிக் கதை. உயிரோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதில்தான் சதை இருக்கும். பார்க்கப் பெரிதாக இருந்து இலேசாக இருந்தால் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். வயிற்றுப் பக்க மடல் அகலமாக இருந்தால் பெண், ஒடுக்கமாக இருந்தால் ஆண். வெளியே முட்டை தொங்குவதை வாங்காதீர்கள். ஒரு கிலோ வாங்கினால் அதில் பாதிகூடச் சதை தேறாது, அளவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெளியே கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடித்தால் பலர் ஒவ்வாமை என்றே நினைப்பார்கள். மழை நாளில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று மீனை மதியம் வரை பையில் வைத்திருக்காதீர்கள். வாங்கிய இடத்திலேயே பக்கத்தில் வெட்டிக் கழுவித் தருபவர்கள் இருப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முன்கூட்டியே பேசிவிட்டு வெட்டக் கொடுங்கள், ஐஸ் கொஞ்சம் வாங்கிப் போட்டு நேராகச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோங்கள்.

7. சமைப்பது யார்?

மூன்று வழி. தங்கும் இடத்தில் சமைத்துத் தருவது முதலாவது. கூலி, எண்ணெய், மசாலா, சோறு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று மீனைக் கொடுக்கும் முன் கேளுங்கள். எத்தனை துண்டு வந்தது என்று எண்ணியும் வைத்துக்கொள்ளலாம், சங்கடப்பட வேண்டாம். குழம்பை மதியமே வைக்கச் சொல்லி, பாதியை இரவுக்கு எடுத்து வையுங்கள். மீன் குழம்பு ஊறினால்தான் ருசி.

இரண்டாவது, மெஸ். பன்னிரண்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. சாப்பாட்டு விலையில் குழம்பு மட்டும்தான் சேர்த்தி, வறுவல் தனி. பெரும்பாலான கடைகளில் இரவு மீன் சாப்பாடு கிடையாது, பரோட்டாதான்.

மூன்றாவது, வேளாங்கண்ணிக் கடற்கரைப் பொரிப்புக் கடைகள். வரிசையாக மீன்களைச் சிவக்க மசாலா தடவி அடுக்கியிருப்பார்கள், மழையில் அந்த வாசனைக்கு யாரும் நிற்காமல் போக முடியாது. நின்று, மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சிவப்புக்கு அடியில் கண்ணும் தெரியாது, செவுளும் தெரியாது. துண்டுக்கா, மீனுக்கா, எடைக்கா விலை என்று எண்ணெயில் போடும் முன் முடிவு செய்யுங்கள். ஒரு கடையில் "நூத்தம்பது" என்றதை முழு மீனுக்கு என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தோம். அது நூறு கிராமுக்காம். எண்ணெய் கறுத்து நுரைத்தால் அடுத்த கடை.

8. படகு போகாத நாளில் மாட்டிக்கொண்டால்

போய் இறங்கிய பிறகு எச்சரிக்கை வந்துவிட்டது. சரி, என்ன செய்வது? கடல் மூடினாலும் கழிமுகங்களில் வலை விழும். கழி நண்டு, கொடுவா, மடவை, கெளுத்தி இவற்றைக் கேளுங்கள். நண்டைத் தட்டிப்போட்டு மிளகு தூக்கலாக ரசம் வைக்கச் சொல்லுங்கள், மழைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

அதுவும் இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு. ஐஸில் ஒரு வாரம் கிடந்த வஞ்சிரத்தைவிட, நல்ல கோடை வெயிலில் காய்ந்த நெத்திலிக் கருவாடு பல மடங்கு மேல். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு ஒரு பிடி பிடிக்கலாம்.

அலையைப் பார்க்கப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள், இறங்காதீர்கள். கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டால் நீங்களும் அன்றைக்கு அறையை விட்டு அதிகம் அலைய வேண்டாம்.

9. செலவு: இருவருக்கு ஒரு தோராயக் கணக்கு

ஸ்லீப்பரில் போய் வர இருவருக்கு 1,200 ரூபாய் ஒதுக்குங்கள். அறை நாளுக்கு 2,000 என்றால் இரண்டு நாள் கணக்கு 4,000. வெளிச் சாப்பாடு இரண்டு நாளுக்கு 3,600. கரையில் வாங்கும் மீன், வெட்டுக்கூலி, சமையல்கூலி 1,500. ஆட்டோ, பஸ், ஒரு நடை தரங்கம்பாடி என்று 2,000. ஆக 12,300. இதற்கு மேல் 3,000 தொடாமல் தனியாக வையுங்கள். ரயில் ரத்தானால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டிவரும், அன்றைக்கு ஊரில் எல்லோரும் அறை தேடுவார்கள். திங்கட்கிழமை விடுப்புக்கும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் விலை ஏறும். வாங்கிச் சமைப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொண்டு, ஞாயிறு மெஸ்ஸில் சாப்பிடுங்கள்.

10. திரும்பும்போது பையில் என்ன

பச்சை மீனை ஊருக்குக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுங்கள். பஸ்ஸில் நடத்துநர் ஏற்ற மாட்டார், ரயிலில் தெர்மாகோல் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கீழ்ப் படுக்கைக்காரர் பைமேல் சொட்டினால் விடிய விடியச் சண்டை. சொந்தக் கார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கருவாடு வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். மழையில் காயப்போட்டது உள்ளே ஈரமாக இருக்கும். ஒடித்துப் பாருங்கள், நெத்திலி சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் காயவில்லை. வெள்ளைப் பொடி உப்பா பூஞ்சையா என்று முகர்ந்தால் தெரிந்துவிடும். இரண்டு உறை போட்டுக் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, துணிப் பைக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள்.

காரைக்கால் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி, மது விலை வேறு. அங்கே வாங்கிய பாட்டிலோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் சோதனைச் சாவடியில் வழக்கு. மீனுக்குப் போன இடத்தில் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டாம்.